ஐம்பது சைக்கிள்

செலவுச் சீட்டில் இப்படி எழுதினேன்:
எலுமிச்சை நாற்பது.
துத்தநாக ஆணி ஒரு பொட்டலம்.
செம்புக் கம்பி மூன்று மீட்டர்.
பழைய சைக்கிள் ஒன்று, நான்கு ரியால்.
கணக்கர் கடைசி வரியில் பேனாவை நிறுத்தி
"சைக்கிள் எதுக்கு?" என்றார்.
"கரண்டுக்கு."
சோஹாரில் கரண்டுக்கா பஞ்சம் என்பதுபோல்
அண்ணாந்து பார்த்தார்.
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் எலுமிச்சை.
ஒரு பழத்துக்கு ஒரு வோல்ட்கூட வராது.
நாலைந்தைக் கோத்தால்
கடுகளவு சிவப்பு விளக்கு கண் திறக்கும்.
மூச்சு பட்டால் அணைந்துவிடுமோ என்று
ஏழாம் வகுப்பே வாயைப் பொத்தி நின்றது.
பாடம் முடிந்ததும் பழங்களைக் குப்பையில் கொட்டினேன்.
"ஜூஸ் போட்டிருக்கலாமே" என்றான்
பக்கத்துக் கட்டில் பக்கீர்.
துத்தநாகம் கரைந்த பழம், ஆகாது என்று
அவனை நம்பவைக்க ராத்திரி பதினொன்று.

இந்த வாரம் சைக்கிள்.
லாண்டரிக்காரர் ஒருவர் தள்ளிவிட்டது.
பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி
யாரோ எறிந்த டிரெட்மில்லின் மோட்டாருக்கு
பெல்ட் மாட்டினேன்.
கரண்டைத் தின்று மனிதரை ஓடவிட்ட மோட்டார்
இனி மனிதரைத் தின்று
கரண்டைத் துப்பட்டும்.

மெர்லின் டீச்சர் மீட்டரைப் படித்தார்.
ரயான், நாற்பத்திரண்டு வாட்.
துஷாரா, நாற்பது. ஷூ கயிறு சங்கிலியில் சிக்கியதும் பூஜ்யம்.
ஹிபா மிதித்தபோது
விளக்கு அவள் மூச்சோடு ஏறி இறங்கியது.
தலைக்கு நாற்பது என்று பலகையில் எழுதினார்கள்.
ஏசியின் விலாவில், தூசிக்கு அடியில்,
இரண்டாயிரம் என்றிருந்தது.
வகுத்தார்கள்.
ஐம்பது பேர்.
வகுப்பில் இருப்பது முப்பத்து நாலு.

"பதினாறு பேர் குறையுது மிஸ்!"
"பி செக்‌ஷனைக் கூப்பிடலாம்."
"வரமாட்டாங்க, நேத்துதான் ஃபுட்பால்ல தோத்தாங்க."
"மிஸ்ஸும் லேப் அண்ணாவும் மிதிச்சா பதினாலு."
லேப் அண்ணா நான்தான்.
கேட்டபோதே முழங்கால் வலித்தது.

அப்போது நிலாஞ்சனா,
அதுவரை பெல்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள்:
"அம்பது சைக்கிள் இங்க எப்படி மிஸ் நிக்கும்?"
"வெளியே போட்டுக்கலாம்" என்றான் ரயான்.
சன்னலுக்கு அந்தப் பக்கம் மே மாதம்.
திடலின் இரும்புக் கம்பத்தை
ஒருத்தரும் தொடக் கூடாத மே.
"அப்ப உள்ள யாருக்கு மிஸ் ஏசி?"

டீச்சர் சாக்பீஸைக் கை மாற்றிப் பிடித்தார்.
மணி அடித்துவிட்டது.
வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை என்பதை
அவரும் பிள்ளைகளும்
வேறு வேறு காரணத்துக்காக
சொல்லாமல் விட்டார்கள்.

இரவில் பக்கீரிடம் இதைச் சொன்னேன்.
அவன் வேலை கேபிள் பதிக்கும் குழி.
மதிய ஓய்வு ஜூனில்தான் தொடங்கும்,
கழுத்து கருகிக் கிடக்கிறது.
"நான் எத்தனை வாட்டுடா?"
"எண்பது இருப்பே."
"நாள் முழுக்க வெட்டினா?"
விரல் விட்டுப் பார்த்தேன்.
"முக்கால் யூனிட்."
"ஒரு யூனிட் என்ன விலை?"
"இருபது பைசாவுக்குள்ள."

பக்கீர் சிரிப்பான் என்று காத்திருந்தேன்.
மேல் கட்டிலில் யாரோ போனை அணைத்தார்கள்.
ஆறு பேருக்கும் நடுவே
அந்த ஒற்றைப் பெட்டி உறுமியது,
ஐம்பது சங்கிலி ஒன்றாய் ஓடுவதுபோல்.
போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
"கொஞ்சம் கூட்டி வை, குளிருது" என்றான்.

எழுந்துபோய் ஒரு டிகிரி கூட்டினேன்.
ஒரு சைக்கிள் குறைந்திருக்கும்.
இரண்டாகவும் இருக்கலாம்,
நாளை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.